நாய்த் தலையைச் சுமந்தவர்

1

2000ஆம் வருஷம் ஆடி மாசம். எனக்கு 11 வயது. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருக்கிற வரப்பில் ஒரு செவலை நாய் என் கெண்டைக்காலைப் பிடுங்கியது. அதே நாய் அன்று காலையில் ஊர்த்தெருவில் பெரிய வீட்டுப் பையனையும் கடித்திருந்தது. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவனை மோட்டார் சைக்கிளில் வைத்து டவுனுக்குத் தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். கையில் ஊசி. ஒரு மாசத்தில் அஞ்சு ஊசியோடு முடிந்தது. என்னை அம்மா பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தொப்புளைச் சுற்றி, நாளைக்கு ஒன்று வீதம் 14 நாள், 14 ஊசி. ஏழெட்டு நாளுக்குமேல் வயிற்றில் குத்த இடமில்லை. வீங்கிப்போய்க் குனிய முடியாது. நர்சம்மா விரலால் அழுத்தி அழுத்தி இடம் தேடுவார். அந்த 14 நாளும் அம்மாவுக்குக் கூலி இல்லை.

ஒரே நாய், ஒரே கிருமி. மருந்து மட்டும் ரெண்டு.

பள்ளிக்கூடம் திரும்பினதும் அவன் என்னைக் கேட்டான்: "உனக்கு மட்டும் ஏன்டா வயித்துல போட்டாங்க?" கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. 25 வருஷம் கழித்து அதற்குப் பதில் எழுதப் பார்க்கிறேன்.

2

அந்த நாயை அடித்துக் கொன்றது ஊர். அடிக்கும்போது ஓடிப்போய்க் கத்தியவர் என் தாத்தா. "தலையில அடிக்காதீங்கய்யா, தலையில அடிக்காதீங்க!" ஏதோ நாய்மேல் இரக்கப்பட்டுக் கத்துகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விஷயம் அதுவல்ல. தாத்தா பக்கத்து நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. நாய் பிடிக்கிற வண்டியிலும் அவருக்குத்தான் வேலை. மூளை சிதைந்துபோனால் சோதனைக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்னொரு தடவை சிதைந்த தலையைக் கொண்டுபோய்த் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.

நாய்க்கு வெறி இருந்ததா என்று பெரிய வீட்டுக்குத் தெரியவேண்டியிருந்தது. தாத்தாவைக் கூப்பிட்டார்கள். கொடுவாளால் கழுத்தை அறுத்துத் தலையைப் பாலிதீன் பையில் சுற்றினார். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, தகர டின்னில் போட்டுத் துணியால் கட்டினார். கையுறை கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா பெருசு டின்னுல?" என்று கேட்டதற்கு "மீனுங்க" என்று சொன்னாராம். ஆயா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முடிவு வந்தது. வெறிநோய் உறுதி. காகிதம் பெரிய வீட்டுக்குத்தான் வந்தது. பிற்பாடு அந்தப் பையனே எனக்குக் காட்டினான். தேதி இருந்தது, விலங்கு 'நாய்' என்று இருந்தது, அதிகாரியின் கையெழுத்து இருந்தது, அனுப்பியவர் என்ற இடத்தில் அவன் அப்பா பெயர் இருந்தது. சுமந்தவர் பெயருக்கு அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை. கொடுவாள் பிடிக்கிற தாத்தாவின் கையில் எப்போதும் ஒரு வெட்டோ சிராய்ப்போ இருக்கும். "நீ ஊசி போட்டிருக்கியா?" என்று ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை, நகராட்சியிலும் கேட்கவில்லை, வீட்டில் நாங்களும் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2011இல் நெஞ்சுச்சளியில் செத்தார். "பிறகென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் ஆகாமல் போனது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு மனிதனை வேலைக்கு அனுப்பலாமா என்பதுதான் என் கேள்வி.

3

அந்தத் தலை பரிசோதனைச்சாலைக்குள் போனபிறகு என்ன நடக்கும் என்பதை நான் எம்.ஏ. தமிழ் முடித்து வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மண்டையோட்டைத் திறந்து மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் துணுக்கு எடுப்பார்கள். கண்ணாடித் தகட்டில் அப்பி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன்மேல் விடுவார்கள். வைரஸ் இருந்தால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். 1958இலிருந்து இருக்கிற முறை. அதற்குமுன் 1903இல் இத்தாலியில் நெக்ரி என்பவர் கண்ட நுண்பொருள்களை மூளைச் செல்களில் தேடுவார்கள்.

கடிவாயில் இறங்கிய வைரஸ் இரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அங்கே பெருகி எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. மூளைக்குப் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். அந்த இடைவெளிதான் மனிதனுக்குக் கிடைக்கிற அவகாசம். அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகச் சாவுதான். அதற்குமுன் முறைப்படி மருந்து போட்டால் அநேகமாக எல்லோரும் பிழைக்கலாம். இவ்வளவு துல்லியமாகத் தடுக்கத் தெரிந்தும் இவ்வளவு பேர் சாகிற நோய் அபூர்வம்.

பரிசோதனைச்சாலையில் அந்தத் துணுக்கைத் தொடுகிறவருக்கு வேலையில் சேரும்போதே முன்தடுப்பு ஊசி உண்டு. கால்நடை மருத்துவருக்கும் அது வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். முன்கூட்டியே போட்டுக்கொண்டவருக்கு ஒரு வசதி இருக்கிறது. பின்னால் கடி வாங்கினாலும் ரெண்டு ஊசி போதும், விலையுயர்ந்த எதிர்ப்புரதம் தேவைப்படாது. மூளையின் ஒரு துணுக்கைக் கையுறையோடு தொடுகிறவருக்குக் கவசம் உண்டு. முழுத்தலையை வெறுங்கையால் அறுத்தவருக்கு இல்லை. இதை எந்த விஞ்ஞானமும் சொல்லித்தரவில்லை. விஞ்ஞானம், தொடுகிற எல்லோருக்கும் ஆபத்து என்றுதான் சொல்கிறது. யார் 'தொடுகிறவர்' என்ற கணக்கில் வருவார் என்பதை வேறொன்று தீர்மானிக்கிறது.

இது பழைய கதை இல்லை. வெறிநோய் வைரசுக்குப் பங்காளிகள் பலர் உண்டு. லிசா வைரஸ்கள் என்று குடும்பப்பெயர். 1956இல் நைஜீரியாவில் வௌவாலிடம் லாகோஸ் வைரஸ், 1996இல் ஆஸ்திரேலிய வௌவாலிடம் இன்னொன்று. 2015இல் இலங்கையில் பேராதனைப் பக்கம் பழந்தின்னி வௌவாலிடமிருந்து எடுத்ததற்குக் கன்னொறுவை என்று அந்த ஊர்ப்பெயரையே வைத்தார்கள். நாகாலாந்து வௌவால்களின் இரத்தத்தில் இந்தக் குடும்பத்து வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே குகை வௌவாலைச் சாப்பாட்டுக்குப் பிடிக்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இப்போது நாம் போடுகிற தடுப்பூசி இந்தப் பங்காளிகளில் சிலரைத் தடுக்கும், லாகோஸ் போன்றவற்றைத் தடுக்காது. ஆகவே ஆய்வு தொடரத்தான் வேண்டும். நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. குகைக்குள் முன்னால் நுழைகிறவர், வலையைப் பிடிக்கிறவர், கூண்டைச் சுமக்கிறவர் எல்லோரும் அந்த ஆய்வின் ஆட்களா, இல்லை அதன் கருவிகளா? இதைமட்டும் கேட்கிறேன்.

4

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1885 ஜூலையில் பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசஃப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு ஊசி போடவைத்தார். வெறியேற்றிய முயலின் தண்டுவடத்தைக் காயவைத்து எடுத்த மருந்து. பையன் பிழைத்தான். வளர்ந்து பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான். அதே 1885 அக்டோபரில் இரண்டாவதாக வந்தவன் ஜூபீய் என்ற ஆடு மேய்க்கும் பையன். மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப்புரண்டவன். அவன் நாயோடு மல்லுக்கட்டுகிற சிலை அந்த நிறுவனத்தில் இருக்கிறது. ஆடு மேய்த்தவனுக்கு அங்கே சிலையாவது கிடைத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1902இல் தென்னிந்தியாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறிநாய்க்கடியில் இறந்தார். இங்கே சிகிச்சைக்கு இடமில்லை. 1900இல் தொடங்கிய கசௌலி பாஸ்டர் நிறுவனம் இமயமலை அடிவாரத்தில் இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இங்கே வந்தது. 1907 ஏப்ரலில் குன்னூரில் நிறுவனம் எழுந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. இருக்கட்டும். அவருடைய சாவும் கொடுமையான சாவுதான். ஆனால் 1902க்கு முன்னால் இந்தத் தென்னாட்டுச் சேரிகளில் நாய் கடித்து, தண்ணீரைப் பார்த்து நடுங்கிச் செத்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு சாவு நிறுவனமாகிறது. மற்ற சாவுகள் சாவாகவே போகின்றன. எந்தச் சாவைச் சாவென்று எண்ணுவது என்ற கேள்வி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

5

என் வயிற்றில் போட்ட மருந்துக்கு வருகிறேன். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் கண்டது. ஆட்டின் மூளையில் வைரசை வளர்த்து, மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து போடுகிற ஊசி. மலிவு, நம் நாட்டிலேயே செய்யலாம். லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள். கோளாறு என்னவென்றால், ஆட்டுமூளையின் நரம்புறையும் சேர்ந்தே உடம்புக்குள் போகிறது. அதை எதிர்க்கப் பழகிய உடம்பு சிலருக்குத் தன் சொந்த நரம்பையே எதிர்க்கும். கைகால் விழுந்துபோகும், சிலர் செத்தும் போவார்கள்.

செல் வளர்ப்பில் செய்த பாதுகாப்பான தடுப்பூசி 1970களிலேயே வந்துவிட்டது. நரம்புத்திசு ஊசியைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1980களின் நடுவிலேயே சொன்னது. இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது 2004 இறுதியில். நடுவே சுமார் 20 வருஷம். அந்த 20 வருஷமும் காசு உள்ளவனுக்குக் கையில், இல்லாதவனுக்கு வயிற்றில். நான் அதில் ஒருவன்.

இங்கே எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "ஏழை நாடு. எல்லோருக்கும் நல்ல ஊசி வாங்கப் பணமில்லை. ஒன்றுமில்லாததற்கு இதாவது கிடைத்ததே! நீ இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதே அந்த ஊசியால்தானே?" உண்மைதான். ஆட்டுமூளை என்னைக் காப்பாற்றியது. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆட்டுக்குச் சொல்லலாம், அது என்ன செய்தது பாவம். தினமும் இடம் தேடிக் குத்திய நர்சம்மாவுக்குச் சொல்லலாம். கூலியை விட்ட அம்மாவுக்குச் சொல்லலாம். ஆனால் பற்றாக்குறையைப் பங்கிட்டவனுக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது. பற்றாக்குறை இயற்கையாக இருக்கலாம். யார் தலையில் அது விழும் என்பது இயற்கை இல்லை. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று சொன்னாரே, அது கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மட்டும் இருப்பதில்லை, மருந்துக்குப்பியிலும் இருக்கும். உயிர் பிழைத்ததையே வாயடைக்கும் நியாயமாக ஆக்கிவிட்டால், கஞ்சி ஊற்றிய பண்ணையாரைக் கூலி கேட்கவே முடியாது.

6

நாய் கடித்ததும் முதல் மருந்து ஊசி இல்லை, தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் புண்ணைக் கழுவ வேண்டும். இந்த வைரசின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பள்ளிப் பாடத்தில் முதல் பக்கத்தில் போடவேண்டிய செய்தி. ஆனால் ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஒரு மணிநேரம் குழாயில் தண்ணீர் வருகிற சேரியில், 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீர் என்றால் என்ன அர்த்தம்? 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்தில் இறங்கினார். அந்தக் குளத்தில் ஆடுமாடும் நாயும் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது என்றிருந்தது. தண்ணீர்ப் போராட்டம் மானத்துக்கான போராட்டம் என்று மட்டும் படித்திருக்கிறோம். அது உயிருக்கான போராட்டமும்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னால் உண்மையறியும் குழுவில் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற குடும்பம். 7 வயதுப் பெண்பிள்ளை, வீட்டுக்கு வந்துபோகிற குட்டிநாய் கன்னத்தில் கடித்துவிட்டது. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்தார்கள். மறுநாள் பக்கத்து சுகாதார நிலையத்தில் ஊசியும் போட்டார்கள். முகத்தில் கடி என்றால் புண்ணுக்குள்ளேயே எதிர்ப்புரதம் ஏற்ற வேண்டும், ஊசி வேலைசெய்யத் தொடங்கும்வரை அதுதான் காவல். அது அங்கே இருப்பில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். எதற்கு என்று விளங்கச் சொல்லவில்லை. ஊசிதான் போட்டாச்சே என்று இவர்கள் சூளைக்குத் திரும்பிவிட்டார்கள். நாலாவது வாரம் பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. "தாகமா இருக்குதும்மான்னு அழுவுது, தண்ணி கிட்ட கொண்டாந்தா தொண்டையப் புடிச்சிக்கினு கத்துது" என்றாள் அந்தத் தாய். சாவுச் சான்றிதழில் மூளைக்காய்ச்சல் என்று இருந்தது.

ஓர் அதிகாரியிடம் பேசினோம். "இவங்ககிட்ட விழிப்புணர்வு இல்லீங்க" என்றார். இந்த விழிப்புணர்வு என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. சுண்ணாம்பு வைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நம் தெருக்களில் மந்திரிக்கிறவர்களும் வேர் கட்டுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள், அதையும் நாம்தான் பேசி மாற்ற வேண்டும். ஆனால் அந்தத் தாய் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தெரிந்தவன் சொல்லாமல் விட்டதற்குத் தெரியாதவள் எப்படிப் பொறுப்பாவாள்? தோலுக்குள் போடுகிற முறையில் இப்போது நாலு தடவை போனால் போதும். அந்த நாலு நாள் கூலியை யார் தருவார்?

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்று 2022–23இல் நடத்திய கணக்கெடுப்பை வைத்து ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதற்குமுன் 18,000, 20,000 என்று சொல்லிவந்தார்கள். குறைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் மூளைக்காய்ச்சல் என்று எழுதப்பட்ட அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் இருக்கிறாள்?

7

2025 ஆகஸ்ட் 11இல் தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 22இல், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறியுள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்று திருத்தியது. நாடே ரெண்டாகப் பிரிந்து பேசியது. ஒரு பக்கம் நாய்ப்பிரியர்கள், மறுபக்கம் நாய் வேண்டாம் என்பவர்கள். டிவியில் ரெண்டு பக்கமும் பார்த்தேன். வலையைப் பிடிக்கிறவன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாயைக் கொன்று வெறிநோயை ஒழிக்க முடியாது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச்சங்கிலி அறும் என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. எனக்கு நாய்மேல் பகை இல்லை. 'நாயே' என்று திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு நாயைத் திட்ட நாக்கு வராது. ஆனால் நாய்க்குக் காட்டுகிற கருணை அந்த நாயைப் பிடிக்கிற கையைத் தாண்டிப் போகும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. கருணை என்பது யார்மேல் காட்டினால் செலவில்லையோ அவர்மேல் காட்டுவதா? ஒரு கோடி நாய்க்கு ஊசி போடவேண்டுமென்றால் ஒரு கோடி தடவை யாரோ ஒரு நாயைப் பிடிக்க வேண்டும். அந்த யாரோ யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

8

நண்பனே, நீ அன்றைக்குக் கேட்டதற்கு இதுதான் பதில். ஆட்டுமூளை ஊசி ஆபத்தானது என்பதும் அதைவிட நல்லது இருக்கிறது என்பதும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. என் வயிறு காத்திருக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. என்னைப்போன்றவன் நினைவுக்கு வராமல் போனாலே போதும், முடிவு தானாக அப்படித்தான் அமையும்.

அறியாமல் சாகவிடுவது துயரம். அறிந்து சாகவிடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. வெறிநோயைப் பொறுத்தவரை, அறியவில்லை என்று சொல்லும் உரிமையை இந்தச் சமூகம் எப்போதோ இழந்துவிட்டது. அந்த அறிவு பாஸ்டர் வீட்டுச் சொத்தோ செம்பிள் வீட்டுச் சொத்தோ இல்லை. முயலும் ஆடும் நாயும் செத்துக் கொடுத்தது. தலையைச் சுமந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுக்கு அதில் பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது.

சென்ற மாதம் எங்கள் பக்கத்து நகராட்சித் தூய்மைப் பணியாளர்களோடு மனு எழுத உட்கார்ந்தோம். ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உள்பட எல்லோருக்கும் முன்தடுப்பு ஊசி. முழங்கை வரை கையுறை. கடிபட்டால் சிகிச்சை நாட்களுக்குச் சம்பளம். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எதிர்ப்புரதம். எழுதி முடித்தபோது ஒரு பெரியவர், நாய் வண்டியில் 20 வருஷம் போனவர், கையைத் தூக்கினார். "இன்னொண்ணு சேத்துக்கோ தம்பி. அந்த ரிசல்ட்டு பேப்பர்ல கொண்டாந்தவன் பேர எழுதச் சொல்லு."

ஐந்தாவது கோரிக்கையாக அதை எழுதினோம்.